மெத்தப் பெரிய உபகாரம்

"என்ன கருத்து, ஐயா?"

குருநகரில் ஒரு மாதா கோயிலுக்குப் பக்கத்தில், பாதர் இருக்கும் வீட்டின் விறாந்தை. மேசைக்கு அந்தப் பக்கம் பேனையோடு ஒரு பிள்ளை. இந்தப் பக்கம் நான், வேட்டி, சால்வை, நெற்றியில் திருநீறு. எனக்குப் பின்னால் வாங்கில் இரண்டு மூன்று பெண்கள் காத்திருந்தார்கள். கடற்காற்றில் கருவாட்டு வாசமும் மெழுகுதிரி வாசமும் கலந்து வந்துகொண்டிருந்தன.

கருத்துக் கேட்டால் நான் சும்மா விடுகிற ஆளா? வாரா வாரம் இந்தத் தொடரைப் படிக்கிற உங்களுக்கு அது தெரியும்.

தலைக்கு மேல் சுற்றிய மின்விசிறியில் தொடங்கினேன். அதன் புஷ் தேய்ந்துவிட்டது, சத்தத்திலேயே எனக்கு விளங்குகிறது, இன்னும் கொஞ்ச நாளில் கம்பி சுற்ற வேண்டி வரும் என்றேன். கோயில் கோபுரத்து ஒலிபெருக்கி ஒரு பக்கம் திரும்பி நிற்கிறது, பாதர் பிரசங்கம் வைத்தால் மீனுக்குத்தான் கேட்கும் என்றேன். வாசல் படலையின் பிணைச்சலுக்கு எண்ணெய் விட்டு எத்தனை காலம் என்று கேட்டேன். சந்தைப் பக்கத்து வாய்க்காலைப் பற்றியும் எனக்குக் கருத்து இருந்தது. அதையும் சொன்னேன்.

அந்தப் பிள்ளை நல்ல வளர்ப்பு. பேனையைத் தூக்கிப் பிடித்தபடி கேட்டுக்கொண்டே இருந்தாள். பின்னால் வாங்கிலிருந்து ஒருத்தி இருமினாள். அது சளி இருமல் அல்ல.

"ஐயா," என்றாள் பிள்ளை மெதுவாக, "நான் பூசைக் கருத்தைக் கேட்டனான்."

பிறகு அவளே விளக்கினாள். ஒரு நாள் பூசையை ஒரு காரியத்துக்காக ஒப்புக்கொடுப்பார்களாம். இன்னாருக்குச் சுகம் வேண்டி, இன்னார் சோதனை பாஸ் பண்ண வேண்டி என்று. அந்தக் காரியத்துக்குத்தான் அவர்கள் கருத்து என்று சொல்வது. எங்கள் ஐயர் பெயர், நட்சத்திரம் கேட்டு, அர்ச்சனைக்கு முன் சங்கற்பம் சொல்லுவார் அல்லவா? அதேதான். பெயர்தான் வேறு.

"அப்ப முதலே உதைச் சொல்லியிருக்கலாமே, பிள்ளை," என்றேன்.

அடுத்ததாக அவள் கேட்டதுதான் பெரிய வில்லங்கம்.

"வேண்டுதலோ, நன்றியோ, ஐயா?"

எங்கள் ஊரில் கடையில் சாமான் வாங்குவதையும் வேண்டுவது என்றுதான் சொல்வோம். அரிசி வேண்டுவோம், சீனி வேண்டுவோம். நான் யாவாரி. என் காதுக்கு அந்தச் சொல் வேறு விதமாக விழுமா? கோயிலில் வந்து என்னத்தை விலைக்கு வேண்டுவது?

"நான் ஒண்டும் வேண்ட வரேல்லைப் பிள்ளை. நன்றிதான்," என்றேன், கொஞ்சம் ரோசத்தோடு.

எதற்கு நன்றி என்று கேட்டாள். சொன்னேன். அவள் எழுதி, தாளை என் பக்கம் திருப்பி, சரியா என்று பார்க்கச் சொன்னாள். என் இடது கண்ணில் அப்போது கொஞ்சம் மங்கல். வலது கண் உதவிக்கு வந்தாலும் எழுத்துகள் மழையில் நனைந்ததுபோல் கிடந்தன. அதை ஒரு சின்னப் பிள்ளைக்கு முன்னால் சொல்லுவதா? "மணி மணியான எழுத்து," என்று பாராட்டிவிட்டு எழும்பி வந்தேன்.

நெஞ்சைத் திறக்க விடாதவர்

நான் அங்கே போனது அந்தோனிப்பிள்ளை அண்ணைக்காக. குருநகரில் பிறந்து, கடலிலேயே தலை நரைத்த மனிதர். என்னைவிட மூத்தவர். என் வாழ்க்கையில் நான் எழுந்து நின்று மரியாதை கொடுக்கிற ஆட்கள் அதிகம் இல்லை. அவர் ஒருவர்.

அவருக்கு நெஞ்சில் அடைப்பு. பெரியாசுப்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, நெஞ்சைத் திறந்து ஒப்பரேசன் செய்ய வேண்டும், இல்லாவிட்டால் அடுத்த மாரியைப் பார்ப்பது நிச்சயமில்லை என்று டொக்டர் சொல்லிவிட்டார். நாளும் குறித்துக் கொடுத்தார்கள். அண்ணை மாட்டேன் என்று வீட்டில் வந்து இருந்துவிட்டார்.

அவருடைய மனைவி ரெஜினா அக்கா அழுது பார்த்தார். கனடாவிலிருந்து மகன் தினமும் கைபேசியில் கெஞ்சினான். பாதர் வந்து கதைத்தார். அண்ணை எல்லோருக்கும் தேத்தண்ணி கொடுத்து அனுப்பினார். கடைசியில் அக்கா என்னைக் கூப்பிட்டார்.

நான் போய் முற்றத்தில் கதிரையைப் போட்டு, எனக்குத் தெரிந்த எல்லா நியாயத்தையும் சொன்னேன். என் கையால் எத்தனை மிசின்களைத் திறந்து மூடியிருக்கிறேன், எல்லாம் புதிதுபோல ஓடவில்லையா என்று கேட்டேன்.

"ஓடினதை மட்டும் சொல்லுறாய்," என்றார் அண்ணை. "திறந்து மூடினாப் பிறகு நாலு ஆணி மிஞ்சிக் கிடந்ததை நான் என்ரை கண்ணாலை பாத்தனான்."

"அது தேவையில்லாத ஆணி, அண்ணை."

"என்ரை நெஞ்சுக்குள்ளை தேவையில்லாத ஆணி ஒண்டுமில்லை." பிறகு என்னைக் கூர்ந்து பார்த்தார். "உன்ரை கண் எப்பிடி? டொக்டரிட்டைக் காட்டினியோ?"

என் கண்ணுக்கு ஒன்றுமில்லை என்றேன். வெண்படலம் விழுந்திருக்கிறது, சின்ன ஒப்பரேசன் என்று எப்போதோ ஒரு டொக்டர் சொன்னது உண்மை. அவருக்கு அப்போது என் மகன் வயது. நான் மோட்டச்சைக்கிளை விட்டு ஓட்டோவில் போய்வருவது றோட்டில் சனம் கூடிவிட்டதால். வேறொன்றுக்கும் இல்லை.

"பாரும் ரெஜினா," என்றார் அண்ணை. "கண்ணைக் காட்டப் பயந்தவன் எனக்கு நெஞ்சைக் காட்டச் சொல்லிப் புத்தி சொல்ல வந்திருக்கிறான்."

அக்கா சிரிக்கவில்லை. படலை வரை என்னோடு வந்தார். "முருகேசு, நான் மெழுகுதிரி கொளுத்தாத மாதா சுருவம் இல்லை. நீயும் உன்ரை கடவுளிட்டைச் சொல்லு," என்றார். சேலைத் தலைப்பை அவர் கை முறுக்கிக்கொண்டே இருந்தது.

என் கடவுளுக்கு வழக்கம்போலச் சொல்லிக்கொண்டுதான் இருந்தேன். அவருடைய கடவுளுக்கும் நேரே போய்ச் சொன்னால் என்ன என்று அப்போதுதான் யோசித்தேன்.

முதல் எஞ்சின்

இங்கே பழைய கதை ஒன்று சொல்லியாக வேண்டும்.

நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குப் போதும் என்று சொன்னவன். சைக்கிள் ஒட்டுப் போட்டேன். பிறகு தோட்டங்களில் தண்ணீர் இறைக்கிற மிசின் திருத்தினேன். ஒருவரும் சொல்லித் தரவில்லை. திறப்பேன், பார்ப்பேன், விளங்கும். இன்று மருதனார்மடம் சந்தியில் தண்ணீர்ப் பம்புக்கு என் கடையைத் தாண்டிப் போகிறவர்கள் திரும்பியும் என் கடைக்குத்தான் வருவார்கள். படித்த எஞ்சினியர்மாரும் வருவார்கள். இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை. பெருமைதான், ஆனாலும் உண்மை.

அந்தக் காலத்தில், தோளில் சாக்குப் பையும் ஸ்பானர்களுமாக, குருநகரில் யாரோ வீட்டுக் கிணற்று மிசின் பார்க்கப் போயிருந்தேன். எங்கள் பக்கத்துத் தோட்டக்காரருக்கும் கரைப்பக்கத்து ஆட்களுக்கும் அப்போது உறவு மீனோடு தொடங்கி மீனோடு முடியும். வேலை முடிந்து வெளியே வரும்போது, கரையில் ஒரு மனிதர் வள்ளத்து எஞ்சினைச் சாக்கில் கிடத்திவிட்டு, செத்த பிள்ளையைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தார். திருத்துகிற ஆள் வெளிநாடு போய்விட்டானாம். அவர் கடலுக்குப் போய் நாள் கணக்காகிவிட்டதாம்.

என் பையைப் பார்த்தார். "தம்பி, எஞ்சின் திருத்துவியோ?"

கடல் எஞ்சினை நான் அதற்கு முன் தொட்டதே இல்லை. "ஓம்," என்றேன். அந்தச் சொல் என்னைக் கேளாமல் வாயை விட்டுப் போய்விட்டது.

பக்கத்தில் மீன் வெட்டிக்கொண்டிருந்த அவருடைய இளம் மனைவி நிமிர்ந்தாள். "உது தோட்டத்து மிசின் பாக்கிற ஆள். உவருக்குக் கடல் எஞ்சினைத் தெரியுமோ?"

அந்த மனிதர் என் பக்கம் வந்தார். நான் இன்னும் சாக்கில் குந்தவேயில்லை. ஸ்பானரை வெளியில் எடுக்கவேயில்லை. என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, "மெத்தப் பெரிய உபகாரம், தம்பி," என்று சொல்லிவிட்டு, தேத்தண்ணிக் கடைப் பக்கம் நடந்துவிட்டார்.

எங்கள் ஊர் ஆட்களுக்கு அந்த வசனம் தெரியும். பெரிய உதவி செய்தவருக்கும் சொல்வோம். வந்து தொல்லை கொடுக்கிறவனை அனுப்பவும் அதையேதான் சொல்வோம், குரலை மட்டும் கொஞ்சம் மாற்றி. மனைவிக்காரி அவர் என்னை நக்கலடித்தார் என்று நினைத்துச் சிரித்தாள். நான் அவர் கண்ணைப் பார்த்திருந்தேன். அதில் நக்கல் இல்லை.

அதற்குப் பிறகு நான் என்ன செய்ய? நன்றியை வாங்கிவிட்ட மனிதன் எப்படித் திரும்பி ஓடுவது?

வெயில் முதுகைச் சுட்டது. திறந்தேன். உள்ளே உப்புப் பூத்து வெள்ளை வெள்ளையாக இருந்தது. ஒவ்வொன்றாகக் கழற்றிய ஒழுங்கில் சாக்கில் அடுக்கினேன், அந்த ஒழுங்கையே திருப்பிப் பூட்டும் வழியாக வைத்துக்கொண்டேன். எண்ணெய் வருகிற குழாயில் உப்புக் கட்டி அடைத்திருந்தது. வாயால் உறிஞ்சித் துப்பினேன். அந்தக் கைப்பும் கரிப்பும் இப்போதும் நாக்கின் அடியில் இருக்கிறது.

வெயில் சாயும் நேரத்தில் எஞ்சினை ஒரு தண்ணீர்ப் பீப்பாவில் இறக்கி, கயிற்றை இழுத்தேன். இருமியது. மறுபடி இழுத்தேன். நீலப் புகையைக் கக்கிக்கொண்டு பிடித்தது. பீப்பாத் தண்ணீர் நுரைத்துப் பொங்கி என் சாரத்தை நனைத்தது.

அந்தோனி அண்ணை ஓடி வரவில்லை. நடந்துதான் வந்தார். மறுபடி நன்றி சொல்லவும் இல்லை, அதுதான் முதலே சொல்லியாகிவிட்டதே. "முகத்தைக் கழுவிப்போட்டுச் சாப்பிட வா," என்றார்.

அன்று வெள்ளிக்கிழமை, நான் மச்சம் தின்னாத நாள். குருநகருக்கு வந்து மீன் வேண்டாம் என்று சொல்லுகிற முதல் விருந்தாளி என்று ரெஜினா அக்கா பகிடி பண்ணிக்கொண்டே பாணும் தேங்காய்ச் சம்பலும் தந்தார். அடுத்த கிழமையிலிருந்து அந்தக் கரையின் எஞ்சின்கள் எல்லாம் என் கைக்கு வந்தன. என் கடை எழும்பியது அந்தப் பீப்பாத் தண்ணீரில் இருந்துதான்.

கதவோடு கதைப்பவன்

அன்றிலிருந்து எனக்கு ஒரு பழக்கம் ஒட்டிக்கொண்டது. காலையில் கடை திறக்க முன், ஷட்டரில் உள்ளங்கையை வைத்து நிற்பேன். விடியற்காலத்து இரும்பு குளிர்ந்துபோய் இருக்கும். "இண்டைக்கு வந்த ஆக்கள் எல்லாரும் சந்தோசமாய்ப் போயிட்டினம். ஒருத்தரின்ரை தோட்டமும் காயேல்லை. மெத்தப் பெரிய உபகாரம்," என்று சொல்லுவேன். இன்னும் ஒருவரும் வந்திருக்கமாட்டார்கள். ஆனால் முடிந்துவிட்டதுபோலத்தான் சொல்லுவேன். பிறகுதான் பூட்டில் திறப்பைப் போடுவேன்.

பக்கத்துப் பலசரக்குக் கடைக்காரர் நெடுக என்னைச் சீண்டுவார். "முருகேசு முதலாளி, கதவு இண்டைக்கு என்ன மறுமொழி சொன்னது?" என்பார். வீட்டில் என் மனைவி, என்னோடு கதைக்காத மனிதர் கதவோடு கதைக்கிறார் என்று குறைப்படுவாள்.

போன மாதம் என் பேரப்பிள்ளை கைபேசியில் ஒரு படம் காட்டினான். வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர் கண்ணை மூடிக்கொண்டு, காலையில் எழும்பியதும் நன்றி சொல்லுங்கள், அன்றைக்கு நடக்க வேண்டியதை நடந்ததாகவே எண்ணுங்கள் என்று வகுப்பு எடுக்கிறார். எத்தனையோ சனம் பார்க்கிறதாம். நான் சிரித்தேன். அவர் பிறக்க முன்னரே நான் என் ஷட்டருக்கு அந்த வகுப்பை எடுத்து முடித்துவிட்டேன்.

ஒன்று மட்டும் சொல்லவேண்டும். சும்மா சொன்னால் போதாது. நடந்துவிட்டது என்று வாயால் சொல்லிய பின், அது நடக்காமல் போனால் எனக்குத்தானே வெட்கம்? அதனால் அன்று முழுக்க ஓடித் திரிந்து வேலை செய்வேன். மத்தியானம் சாப்பாட்டுக்குப் போகிற வழியில் ஒரு தோட்டத்து மிசின் நிற்கிறது என்று கேள்விப்பட்டால் சாப்பாடு பிந்தும். என் வெற்றியின் இரகசியம் இதுதான். விலை இல்லாமல் உங்களுக்குச் சொல்லிவிட்டேன்.

ஆகவே, பாதர் வீட்டு விறாந்தையில் அந்தப் பிள்ளை எதற்கு நன்றி என்று கேட்டபோது, நான் என் வழக்கப்படிதான் சொன்னேன். "அந்தோனிப்பிள்ளை அண்ணை ஒப்பரேசன் முடிஞ்சு சுகமாய் வீட்டை வந்திட்டார் எண்டு போடுங்கோ."

அவள் அப்படியே போட்டாள்.

ஒலிபெருக்கி

பின்னேரப் பூசை. என் கருத்தை வாசிக்கும்போது அண்ணையின் முகத்தைப் பார்க்க வேண்டும் என்று ஆசைப்பட்டு, கோயிலுக்குப் போகாமல் அவர் வீட்டு முற்றத்தில் போய் இருந்தேன். எனக்காக ஒரு பூசை வைத்திருக்கிறான் என்று மனம் இளகி ஒப்பரேசனுக்குச் சம்மதிப்பார் என்பது என் கணக்கு. அவர் நிலத்தில் இருந்து கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார். ரெஜினா அக்கா தேத்தண்ணித் தட்டோடு வந்துகொண்டிருந்தார்.

ஒலிபெருக்கியை யாரோ திருப்பி வைத்திருக்க வேண்டும். நான் சொன்ன கருத்து வீண்போகவில்லை. அண்ணையோடு கதைத்த பாதர் மாறிப்போய், புதிதாக வந்திருந்த பாதரின் குரல் கணீரென்று கேட்டது. நமது பங்கைச் சேர்ந்த அந்தோனிப்பிள்ளை அவர்கள் இருதய சத்திரசிகிச்சை நலமே முடிந்து இல்லம் திரும்பியமைக்கு நன்றியாக, மருதனார்மடம் முருகேசு குடும்பத்தார் இந்தத் திருப்பலியை ஒப்புக்கொடுக்கிறார்கள் என்றது.

அண்ணையின் கையில் வலை ஊசி நின்றது.

"ஆருக்கடா முடிஞ்சது?"

"உங்களுக்குத்தான், அண்ணை."

"எப்ப?"

நான் தேத்தண்ணியைப் பார்த்தேன்.

ரெஜினா அக்கா தட்டை நிலத்தில் வைத்தார். "மெத்தப் பெரிய உபகாரம், முருகேசு," என்றார். இது அந்த மற்றக் குரல். "நான் அவர் உயிரைத் தா எண்டு மண்டாடிக்கொண்டிருக்கிறன். நீ நடவாத காரியத்துக்கு நன்றி சொல்லிப்போட்டு வாறாய். இனி மாதா என்னெண்டு நினைப்பா? இவைக்கு எல்லாம் கிடைச்சிட்டுது, அடுத்த ஆளைப் பாப்பம் எண்டு நினைக்கமாட்டாவோ?" சொல்லும்போதே அழத் தொடங்கிவிட்டார்.

தட்டிலிருந்து ஒரு தேத்தண்ணியை எடுத்து அக்காவிடம் நீட்டினேன். அவர் வாங்கவில்லை.

பூசை முடிந்து கொஞ்ச நேரம் ஆகவில்லை. படலை கிறீச்சிட்டது. அடுத்த வீட்டுக் கிழவி ஒரு பை தோடம்பழத்தோடு வந்தார். வலையும் ஊசியுமாக இருந்த அண்ணையைப் பார்த்து நெஞ்சில் சிலுவை போட்டார்.

"நெஞ்சைக் கிழிச்ச ஆள் இருந்து வலை பொத்துறான். மாதாவின்ரை புதுமையைப் பார்," என்றார். பிறகு கிட்ட வந்து குனிந்தார். "தழும்பைக் காட்டு தம்பி, ஒருக்காப் பாப்பம்."

அண்ணை சட்டைப் பொத்தானைக் கழுத்து வரைக்கும் பூட்டினார்.

அதற்குப் பிறகு வந்த சனத்துக்கு அளவில்லை. தோடம்பழம், திராட்சை, பால்மா ரின். ஒருத்தி மீன் சூப்பே வைத்துக்கொண்டு வந்துவிட்டாள். ஒருவரும் சொல்லாமல் ஆசுப்பத்திரிக்குப் போய் வந்துவிட்டீர்களே என்று சிலருக்குக் கோபம். எல்லோருக்கும் அண்ணை தலையை ஆட்டினார். இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம். ஆனால் வந்தவர்களின் முகத்தில் இருந்த சந்தோசத்தைப் பார்த்துக்கொண்டு அதைச் சொல்ல எவராலும் முடியாது.

கடைசி ஆளும் போனபின், வலைக்கு மேல் பழங்கள் குவிந்து கிடந்தன. அண்ணை ஒரு தோடம்பழத்தை எடுத்து உரித்தார். அந்த வாசம் முற்றம் முழுக்கப் பரவியது. ஒரு சுளையை அக்காவுக்கு நீட்டினார், ஒன்றை எனக்கு.

"முருகேசு, அண்டைக்கு எஞ்சினைத் தரேக்கை நான் ஏன் முதலே நன்றி சொன்னனான், தெரியுமோ?"

"என்னிலை இருந்த நம்பிக்கை, அண்ணை."

"இல்லையடா. பயம்." சுளையை வாயில் போடாமல் கையிலேயே வைத்திருந்தார். "உனக்கு ஒண்டும் தெரியாதெண்டு உன்ரை முழியிலேயே தெரிஞ்சது. எனக்கு வேறை ஆளில்லை. வீட்டிலை பிள்ளையள். பயந்து நிக்கிற மனிசன் என்ன செய்யிறது? நன்றியைச் சொல்லிப்போட்டால் நீயும் ஓடமாட்டாய், நானும் ஓடமாட்டன். அதுக்குத்தான் சொன்னனான்."

நான் என் சுளையை வாயில் போட்டேன். இத்தனை காலமும் அது என் திறமையில் அவர் வைத்த நம்பிக்கை என்றுதான் நினைத்திருந்தேன். இப்போதும் பாதி அப்படித்தான் நினைக்கிறேன்.

"இப்பவும் பயம்தான்," என்றார் அண்ணை. "ஆனா நன்றி சொல்லியாச்சு. ஊர்ச் சனத்தின்ரை தோடம்பழமும் திண்டாச்சு. இனி ஓடேலாது." அக்காவின் பக்கம் திரும்பினார். "ரெஜினா, ஆசுப்பத்திரிப் பையை எடுத்து வையும்."

குளிர்ந்த இரும்பு

ஒப்பரேசன் நாள் காலையில் வழக்கம்போல ஷட்டரில் கையை வைத்தேன். ஒரு வார்த்தையும் வரவில்லை.

முடிந்துவிட்டது, சுகமாக வந்துவிட்டார் என்று சொல்லலாம்தான். ஆனால் அதை நான் ஏற்கெனவே ஊர் முழுக்கச் சொல்லிவிட்டேன். இன்னொரு முறை சொன்னால், முதல் சொன்னதில் எனக்கே நம்பிக்கை இல்லை என்று ஆகிவிடாதா? இரும்பு என் கைச் சூட்டில் சூடாகும் வரை நின்றேன். பலசரக்குக் கடைக்காரர் தன் கதவைத் திறந்தவர், என்னைப் பார்த்தார். அன்று அவர் பகிடி ஒன்றும் விடவில்லை. ஒரு முக்காலியை எடுத்து வந்து எனக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார்.

அன்று, வாழ்க்கையில் முதல் தடவையாக, ஒரு பம்புக்கு ஆணி மாறிப் பூட்டினேன்.

மத்தியானம் தாண்டிய பிறகு ரெஜினா அக்காவின் அழைப்பு வந்தது.

"முருகேசு, கண் முழிச்சிட்டார்."

அந்த முக்காலியில் இருந்தேன்.

அக்கா அழுகையும் சிரிப்புமாகச் சொல்லிக்கொண்டு போனார். டொக்டர் வெளியே வந்து அவரிடம் சொன்னாராம், இப்படி ஒரு ஆளைத் தான் கண்டதில்லை என்று. மயக்க மருந்து ஏற்ற முன், மேசையில் கிடந்தபடி, அண்ணை அந்த டொக்டரின் கையைப் பிடித்து, "மெத்தப் பெரிய உபகாரம், தம்பி," என்று சொல்லியிருக்கிறார். நாங்கள் இன்னும் தொடங்கவேயில்லை ஐயா என்று டொக்டர் சொல்ல, இவர் கண்ணை மூடிவிட்டாராம். அதற்குப் பிறகு தன்னோடு நின்ற ஒருவரும் உள்ளே ஒரு சத்தமும் போடவில்லை, அவ்வளவு கவனமாக நின்றார்கள் என்று டொக்டர் சொன்னாராம்.

அந்த டொக்டர் எப்படி உணர்ந்திருப்பார் என்று எனக்குத் தெரியும். என் கைகளையும் அண்ணை அப்படித்தான் பிடித்தார்.

பேசி முடித்து வைக்கப் போகும்போது அக்கா மறுபடி கூப்பிட்டார். "மெத்தப் பெரிய உபகாரம், முருகேசு," என்றார். இந்த முறை எந்தக் குரல் என்று எனக்கு ஐயம் வரவில்லை.

ஆறாமீன்

அண்ணை எழும்பி நடமாடத் தொடங்கியதும் ஒரு நாள் மருதனார்மடத்துக்கு வந்து இறங்கினார். நீ என் கோயிலில் பூசை வைத்தாய், நான் உன் கோயிலில் ஒன்று வைக்க வேண்டும் என்றார். எங்கள் சந்தி ஆஞ்சநேயரிடம் கூட்டிப் போனேன்.

எங்கள் கோயில்களில் ஆண்கள் மேற்சட்டை கழற்ற வேண்டும். கிழவிக்குக் காட்டாமல் கழுத்து வரை பூட்டிய மனிதர், இப்போது ஒவ்வொரு பொத்தானாகக் கழற்றி, சட்டையை மடித்துக் கையில் வைத்துக்கொண்டார். நெஞ்சின் நடுவே மேலிருந்து கீழாக ஒரு கோடு, நல்ல தையற்காரன் அடித்த தையல்போல நேராக இருந்தது. என் தொழில் புத்தி போகுமா? மூடியதில் ஒரு குறையும் சொல்ல முடியாது.

அர்ச்சனைத் தட்டை வாங்கிய ஐயர் வழக்கம்போலக் கேட்டார். "பேர்?"

"அந்தோனிப்பிள்ளை."

ஐயர் நிமிர்ந்து தழும்பைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "நட்சத்திரம்?"

வேதக்கார மனிதருக்கு நட்சத்திரம் ஏது? நான் இடையில் புகுந்து என் நட்சத்திரத்தையே சொல்லுவோமா என்று வாயைத் திறந்தேன்.

"நீ பேசாமல் இரு. கருத்துச் சொல்லத் தொடங்காதை," என்றார் அண்ணை. பிறகு ஐயரிடம் திரும்பினார். "ஐயா, ஆறாமீன் எண்டு ஒண்டு இருக்கு. வானத்திலை ஆறு வெள்ளி கூடி நிக்கும். நான் அதைப் பாத்துத்தான் எத்தினையோ நாள் கரை வந்து சேர்ந்தனான். அது சரிவருமோ?"

ஐயரின் முகம் மலர்ந்தது. "அதைத்தானே நாங்கள் கார்த்திகை எண்டு சொல்லுறது. வடிவான நட்சத்திரம்." அந்தோனிப்பிள்ளை, கார்த்திகை நட்சத்திரம் என்று மந்திரத்தோடு சேர்த்து வாய்க்குள் சொல்லிப் பார்த்தார். "என்ன காரியமாய்ச் செய்ய வேணும்?"

"வேண்டுதல் இல்லை, ஐயா. நன்றிதான்."

நான் பெருமையோடு தலையை நிமிர்த்தினேன்.

"இவன் முருகேசுவின்ரை கண் ஒப்பரேசன் சுகமாய் முடிஞ்சதுக்கு," என்றார் அண்ணை.

ஐயர் திகைத்தார். "எப்ப முதலாளி? ஒருத்தரும் சொல்லேல்லையே." பின்னால் நின்ற சனம் எல்லாம் என் கண்ணைப் பார்த்தது. அண்ணை மட்டும் ஆஞ்சநேயரைப் பார்த்துக் கும்பிட்டபடி நின்றார். அவர் நெஞ்சில் அந்தக் கோடு மெல்ல ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. சிரிப்பை அடக்குகிறார் என்று தெரிந்தது.

நான் வாய் திறக்க முன் தேங்காய் உடைந்துவிட்டது.

வெளியே வந்து செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது, வாசலில் மாலை கட்டுகிற பெண் எழும்பி வந்தாள். செய்தி எனக்கு முன்னரே வெளியில் வந்துவிட்டது. "எந்தக் கண், ஐயா?" என்று அக்கறையாகக் கேட்டாள்.

அண்ணை என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன், மங்கலாகத்தான் தெரிந்தார்.

"இடது கண், பிள்ளை," என்றேன். "சுகமாய் முடிஞ்சுது."